டாக்டர் சீட்டில் எழுதும் மூட்டு நோய்ப் பெயர்களை நோயாளி தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

அம்மாவின் சீட்டில் ‘பாலிஆர்த்ரால்ஜியா’ என்று இருக்கிறது, அர்த்தம் கேட்டால் “பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, மாத்திரையைப் போடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு ஐம்பதுக்குள்தான் வயது இருக்கும் என்று நினைக்கிறேன். இதே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் 14 மாதம் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் இந்தப் பதில்.

எங்களுக்கு மதுரை வில்லாபுரம். அம்மா வீட்டிலிருந்தே பூக்கட்டுபவர். விடியுமுன் மாமா மாட்டுத்தாவணியிலிருந்து மல்லிகையைக் கொண்டுவந்து போடுவார். அம்மா வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 2017இல், அம்மாவுக்கு 46 வயதில், காலையில் விரல் மடங்காமல் போனது. இரண்டு கையிலும் விரல் மொளிகள் வீங்கியிருக்கும். எட்டு, எட்டரை ஆனால்தான் நார் கைக்குப் பிடிபடும். அதற்குள் பாதி வேலை நேரம் போய்விடும். “பூவுல தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஈரம் எலும்புல ஏறிருச்சு” என்றார் பெரியம்மா. தெருவில் எல்லோரும் தேய்மானம் என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் எழுதிக் கொடுத்த பெயர்தான் பாலிஆர்த்ரால்ஜியா.

இவ்வளவு பெரிய பெயராக இருக்கிறதே, நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். வலி மாத்திரை தீரத் தீர வாங்கிப் போட்டோம். பிறகு ஒருநாள் நான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் கிரேக்கம். பாலி என்றால் பல, ஆர்த்ரான் என்றால் மூட்டு, ஆல்ஜியா என்றால் வலி. பல மூட்டுகளில் வலி. “கையெல்லாம் கணுக்கணுவா வலிக்குது சார்” என்று அம்மா தமிழில் சொன்னதைத்தான் கிளினிக் டாக்டர் கிரேக்கத்தில் திருப்பி எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். பெயர்களில் இரண்டு வகை உண்டு. நாம் சொன்ன உபாதையையே திருப்பிச் சொல்லும் பெயர்கள் ஒரு வகை. ஆர்த்ரால்ஜியா, தசை வலியைச் சொல்லும் மயால்ஜியா, இடுப்பு வலியைச் சொல்லும் லம்பாகோ எல்லாம் இதில் சேரும். சயாட்டிகாவும் அப்படித்தான். இடுப்பிலிருந்து கால்வரை நரம்பு இழுக்கிறது என்று மட்டும் சொல்லும். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா, வேறு காரணமா என்று சொல்லாது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் பெயர்கள் இன்னொரு வகை. முதல் வகைப் பெயர் சீட்டில் இருந்தால் காரணம் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். முதல் நாள் அப்படி எழுதுவது தவறில்லை. மாதக்கணக்கில் அதிலேயே நிற்பதுதான் தவறு.

கடைசியில் ருமட்டாலஜி டாக்டரிடம், அதாவது மூட்டு வாத நோய்களைப் பார்க்கும் டாக்டரிடம், போனோம். அவர் முதலில் கேட்டது, “காலையில் எழுந்ததும் கை விறைப்பு எவ்வளவு நேரம்மா இருக்கு?” தேய்மானத்தில், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைடிஸில், விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கும், அசைக்க அசைக்கத் தளரும். தேய்மானம் விரல் நுனிக் கணுவைப் பிடிக்கும். ருமட்டாய்டு அடி மொளியையும் நடுக்கணுவையும் பிடித்து நுனியைப் பெரும்பாலும் விட்டுவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் காரணம். ரத்தத்தில் ஆன்ட்டி சிசிபி என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, அம்மாவுக்கு ருமட்டாய்டுதான் என்று உறுதி செய்தார்கள்.

தமிழில் இதை முடக்குவாதம் என்றதும் வீட்டில் ஒரே அழுகை. பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் கேட்டே பழகிய காது, கைகால் விழுந்துவிடும் என்று எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் சொல்லும் சரவாங்கி இதுதான் என்று பாட்டிக்குச் சொல்லிப் புரியவைத்தேன்.

நான் டாக்டர் இல்லை. கூகுளில் பார்த்து நீங்களே மருந்து போடுங்கள் என்றும் சொல்லவில்லை. நாட்டு வைத்தியத்தையும் குறை சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டில் இன்றும் வாரம் ஒருநாள் முடக்கத்தான் தோசைதான். ஆனால் பெயர் தெரிந்ததால் ஒரு ஆபத்திலிருந்து தப்பித்தோம். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரம் ஒருநாள் மட்டும்தான் போட வேண்டும். மருந்துக் கடையில் கவர் மேல் ‘தினமும் 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜையே கெட்டு உயிருக்கு ஆபத்தாகியிருக்கும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் படித்து வைத்திருந்ததால் கண்ணில் பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவியில் அம்மாவின் விரல் நேராகப் படியாது. மூன்று முறை வைத்தும் எடுக்கவில்லை. “ஒழுங்கா வைம்மா, பின்னாடி ஆள் நிக்குது” என்றார்கள். அம்மா வெறும் பையோடு திரும்பி வந்தார். விரல் மடங்கிப்போனவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தக் கருவியை வைத்தவர்கள் அவர்களை நினைத்தே பார்க்கவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது அம்மாவுக்கு வீக்கம் இல்லை, பூக்கட்டுகிறார். ஆனால் இடது கையில் இரண்டு விரல் வளைந்தது வளைந்ததுதான். ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கியிருந்தால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

நாளைக் காலையில் உங்கள் அம்மா எழுந்ததும் மணி பார்த்துக்கொள்ளுங்கள். விரல் எத்தனை மணிக்குத் தளர்கிறது, எந்தக் கணு வீங்கியிருக்கிறது, இரண்டு கையிலுமா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரக் கணக்கோடு ருமட்டாலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.