அசையாமல் நின்றாலும் ஜிபிஎஸ் கருவியில் இடம் நகர்வது ஏன்?

கொடைக்கானலில் பேரிஜம் ஏரிப் பக்கம் சோலைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தும் கருவி முப்பது மீட்டர் நடந்ததாகக் காட்டியது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை, பயப்படாதீர்கள்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்து, கருவி நொடிக்கு நொடி இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகினாலே தூரத்தில் 30 செ.மீ. போய்விடும். சோலையின் ஈர இலைகள் சிக்னலை மங்கவைக்கும். பாறைச் சரிவில் பட்டு வருவது சுற்றுவழியில் வருவதால் தாமதமாகும். செயற்கைக்கோள்கள் நகர நகர இந்தப் பிழையும் மாறும். திரையில் நூல் சிக்கல் போல விழும் கோடு அதுதான். வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலமும் சிக்னலைத் தாமதப்படுத்தும். கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) பக்கம் என்பதால் அந்தத் தொல்லை இங்கே கூடுதல். உயரக் கணக்கில் பிழை இன்னும் அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? வானம் திறந்த புல்வெளிக்கு வாருங்கள். கருவியை இடுப்புப் பையில் வைக்காமல் தலைக்கு மேல் பிடியுங்கள். பல கணக்கீடுகளின் சராசரி எடுக்கும் வசதி இருந்தால் சில நிமிடம் ஓடவிடுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். அதற்குள் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியிருக்கும். மரக்கன்று நட்ட இடங்களைக் குறிக்கும்போது நான் இதைத்தான் செய்கிறேன்.