ஆங்கிலம் அதிகம் தெரியாதவர் ஆடக்கூடிய, மண்டையைக் காயவைக்கும் ஃபர்ஸ்ட் பெர்சன் (நம் கண் வழியாகவே பார்த்து ஆடும்) பசில் கேம் எது?

மேனிஃபோல்ட் கார்டனில் தொடங்குங்கள். ஆன்டிசேம்பரை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தி விட்னஸ் கடைசியில். இந்த வரிசையைக் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: பாலக்கோட்டில் தமிழ் வழியில் படித்தவர், சுடுவதும் வெட்டுவதும் இல்லாத ஒரு கேம் வேண்டும், கடினமாக இருந்தால் இன்னும் நல்லது. நண்பர் ஆன்டிசேம்பர் வாங்கச் சொல்கிறார். ஆனால் அதில் சுவரெல்லாம் ஆங்கில வாசகம் என்று கேள்விப்பட்டுத் தயங்குகிறீர்கள். தயக்கம் நியாயமானதுதான். அதனால் ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தேவையில்லாத கேமிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் போய்வருகிறவன். அங்கே ஒரு டூல் ரூமில் டிசைன் வேலை. திரையில் ஒரு பாகத்தை மேலிருந்து, பக்கத்திலிருந்து, அடியிலிருந்து என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதே என் தொழில். அப்படி இருந்தும் மேனிஃபோல்ட் கார்டன் எனக்கு இடம் என்பதையே புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அந்த கேம் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அதில் கதை கிடையாது, எதிரி கிடையாது, சாவு கிடையாது. மெல்லிய கோடுகளால் வரைந்ததுபோன்ற கட்டடங்களும் படிக்கட்டுகளும் மாடங்களும் மட்டும் இருக்கும். ஒரு சுவர் அருகே போய்ப் பொத்தானை அழுத்தினால் உலகமே சாய்ந்து, அந்தச் சுவர் உங்களுக்குத் தரையாகிவிடும். மேல், கீழ், நான்கு பக்கம் என ஆறு திசைகளிலும் இப்படி நிற்கலாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம் உண்டு. எந்தத் திசையில் நிற்கிறீர்களோ அதன் நிறம் சுற்றிலும் தெரியும். ஆகவே எந்தப் பக்கம் ‘கீழே’ என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இதற்கு மேல் இன்னொரு விதி. அந்த உலகத்துக்கு ஓரமே இல்லை. பழைய நோக்கியா போனில் பாம்பு கேம் ஆடியிருப்பீர்கள். திரையின் வலது ஓரத்தில் நுழைந்த பாம்பு இடது ஓரத்தில் வெளியே வரும். அதையே நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் வைத்துப் பாருங்கள். கட்டடத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே அதே கட்டடம் தெரியும், அதற்கும் கீழே அதே கட்டடம், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை அதேதான். குதித்தால் அடிபடாது. விழுந்துகொண்டே போய், நீங்கள் புறப்பட்ட அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் வந்து இறங்குவீர்கள். ஒரு உயரமான மாடத்துக்கு ஏற வழி தெரியவில்லையா? கீழே குதியுங்கள். இது முதன்முதலில் மண்டையில் ஏறும் நேரம் இருக்கிறதே, அதை வேறு எந்த கேமிலும் நான் அனுபவித்ததில்லை.

கணிதத்தில் இப்படி மூன்று பக்கமும் தன்னோடு தானே ஒட்டிக்கொண்ட வெளியை முப்பரிமாண டோரஸ் என்பார்கள். அந்தப் பெயர் தெரியாமலேயே அதற்குள் நடந்து பழகிவிடலாம்.

புதிர்கள் பெரும்பாலும் கனசதுரப் பெட்டிகளை வைத்துத்தான். மரத்தில் பழம் காய்ப்பதுபோல இந்தப் பெட்டிகள் காய்த்திருக்கும். பறித்துக் கொண்டுபோய்ச் சுவிட்ச் மேல் வைத்தால் கதவு திறக்கும். ஆனால் பெட்டிக்கும் நிறம் உண்டு. சிவப்புத் திசையில் நிற்கும்போதுதான் சிவப்புப் பெட்டியைத் தொட முடியும், அப்போதுதான் அது விழும். திசையை மாற்றிவிட்டால் அந்தரத்திலானாலும் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்.

அடுத்த இரண்டு பத்தியில் ஒரு உத்தியை வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். நீங்களே கண்டுபிடிக்க விரும்பினால் தாண்டிப் போய்விடுங்கள்.

என் அண்ணன் வீடு காவேரிப்பட்டணத்தில். மாங்காய் பறிப்பு நேரத்தில் அண்ணனும் அண்ணியும் விடிகாலையிலேயே தோப்புக்குப் போய்விடுவார்கள். பள்ளி விடுமுறை என்பதால் மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. கேம் என்றால் போனில் ஆடுவதுதான் அவளுக்குப் பழக்கம். மேனிஃபோல்ட் கார்டனைத் திறந்து கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், ஒரு துப்பும் கொடுக்கவில்லை. ஒரு அறையில் நீலப் பெட்டியை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் விட்டதும் சரிவில் நழுவி அப்பால் போய் விழுந்துவிடுகிறது. அவள் திரும்பத் திரும்ப அதையே எடுத்து, கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு அறையைச் சும்மா சுற்றிவந்தாள்.

முன்பு வேறு ஒரு வேலைக்காக நகர்த்தி வைத்திருந்த சிவப்புப் பெட்டி சுவரோரம் அந்தரத்தில் நின்றிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தபடி, “சித்தப்பா, இது மட்டும் ஏன் விழாம நிக்குது?” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே, “இப்ப இது பெட்டி இல்ல சித்தப்பா, சுவரு” என்றாள். சிவப்புத் திசைக்கு மாறி, அந்தப் பெட்டியை நீலப் பெட்டி வந்து முட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். மறுபடி நீலத்துக்கு வந்து நீலப் பெட்டியை விட்டாள். அது சறுக்கி வந்து சிவப்பில் முட்டி நின்றது. அதற்குப் பிறகு எந்த அறைக்குப் போனாலும் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்கு முட்டுக் கொடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தாள். யாரும் சொல்லித்தராத விதி ஒன்று அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

ஆங்கிலம் பற்றிய கவலைக்கு இதுதான் என் பதில். இந்த கேம் தன் பாடத்தை அறையின் அமைப்பிலேயே ஒளித்து வைத்திருக்கிறது. பொத்தான்களும் அமைப்புகளும் எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண்ணுக்குத்தான் வேலை.

இதைச் செய்தவர் வில்லியம் சிர், சிகாகோக்காரர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். பலூன்களை முறுக்கிப் பெரிய பெரிய சிற்பங்களை உருவாக்கிய கலைஞர். 2012-இல், முன்பின் கேம் செய்த அனுபவம் இல்லாமல் இதில் இறங்கினார். டச்சு ஓவியர் எம். சி. எஷர் 1953-இல் வரைந்த ‘ரிலேட்டிவிட்டி’ என்ற கல்லச்சுப் படத்தில், ஒரே கட்டடத்துக்குள் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஈர்ப்புத் திசைகளில் படியேறிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தின் பெயரைத்தான் கேமுக்கும் முதலில் வைத்திருந்தார். 2019 அக்டோபரில் வெளிவந்தது. ஏழு வருட உழைப்பு. ஆடும்போது அது தெரியும். ஒரு படிக்கட்டு, ஒரு ஜன்னல்கூட வீணாக நிற்காது. லாரிசா ஒகாடாவின் இசையையும் சேர்த்தே கேளுங்கள், ஹெட்போன் இருந்தால் நல்லது.

இனி ஆன்டிசேம்பர். உங்கள் நண்பர் சொன்னது தவறான கேம் இல்லை, உங்களுக்கு அதில் ஆரம்பிக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே என் கருத்து. ஆஸ்திரேலியரான அலெக்சாண்டர் புரூஸ் செய்தது. 2013 ஜனவரி 31 அன்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் தொழில்நுட்பச் சிறப்புக்கான விருதை வாங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்ற அறைகள், கறுப்புக் கோடுகள், திடீரென்று அள்ளித் தெளித்த நிறங்கள். மேனிஃபோல்ட் கார்டனில் விதி விநோதமானது, ஆனால் எப்போதும் மாறாது. ஆன்டிசேம்பரில் இடமே உங்களை ஏமாற்றும். ஆரம்பத்திலேயே இரண்டு படிக்கட்டுகள் வரும், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எதில் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். முன்னால் இருக்கும் இரண்டு வழியையும் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தால், வந்த வழி இருந்த இடத்தில் வேறு வழி இருக்கும். வேறொரு இடத்தில் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும், தாண்ட முடியாது, விழுவீர்கள். விழுந்த இடத்திலிருந்து பாதை தொடரும்.

அந்த ஆங்கில வாசகங்கள் கறுப்புப் பலகைகளில், ஒரு சின்னப் படத்தோடு இருக்கும். பெரும்பாலும் ஒரு புதிரை முடித்த பிறகு, அதில் நீங்கள் செய்தது என்ன என்பதை வாழ்க்கைப் பாடமாகச் சொல்பவை அவை. படிக்காவிட்டாலும் கேம் நிற்காது. ஆனால் படித்தால் இன்னும் இனிக்கும். சுடும் கேம் வேண்டாம் என்றீர்கள். இதில் கையில் துப்பாக்கி போன்ற ஒன்று வரும், பயந்துவிடாதீர்கள். சின்னச் சின்னப் பெட்டிகளை உறிஞ்சி எடுத்து வேறு இடத்தில் வைப்பதற்கான கருவி அது. அடுத்தடுத்து வேறு நிறக் கருவிகள் கிடைக்கும். பெட்டிகளைப் பெருக்க ஒன்று, வரிசையாக நகர்த்த ஒன்று. பின்பாதியில் வரும் அந்தப் புதிர்கள்தான் நிஜமாகவே மண்டையைக் காயவைப்பவை.

தொடக்க அறையில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் ஒரு கடிகாரம் இருக்கும். அதைக் கண்டு அவசரப்பட வேண்டாம். பூஜ்யத்துக்கு வந்தாலும் கேம் முடியாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் நிம்மதியாக ஆடுவீர்கள் என்பதால் சொல்லிவிட்டேன்.

தி விட்னஸைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அதன் அளவு. ஜொனாதன் புளோ 2016-இல் வெளியிட்டது. ஒரு தீவு, அதில் 500-க்கும் மேற்பட்ட புதிர்கள், பெரும்பாலும் பலகையில் ஒரு கோடு இழுப்பவை. புதிர்களுக்கு மொழி தேவையில்லை. ஆனால் ஒலிப்பதிவுகள் ஆங்கிலத்தில் இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் கஷ்டம். காதால் கேட்டுப் போட வேண்டிய புதிர்களும் உண்டு. அழகான கேம். ஆனால் பொறுமை பழகிய பிறகு போனால்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. யூடியூபில் இந்த மூன்றுக்கும் முழு விடை வீடியோ கிடைக்கும். பார்க்காதீர்கள். மற்ற கேம்களில் ஒரு இடத்தைப் பார்த்துத் தாண்டினால் அந்த ஒரு இடம்தான் போகும். இங்கே அப்படி இல்லை. ஒரு புதிரின் விடைதான் அடுத்த பத்துப் புதிருக்கும் அரிச்சுவடி. அதைக் கண்ணால் பார்த்து நகலெடுத்தால் அடுத்த அறையிலும் மாட்டிக்கொள்வீர்கள், மறுபடி வீடியோவுக்குப் போவீர்கள். கொடுத்த காசும் வீண், கண்டுபிடிக்கும் சுகமும் போயிற்று. இவை ஒருமுறைதான் முழுசாக ஆட முடிகிற கேம்கள். விதி தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான், மறக்க முடியாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒரு தாளை எடுத்து அறையை வரையுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் போதும். வரையும்போதே இதுவரை கவனிக்காத ஒரு ஜன்னலோ விளிம்போ கண்ணில் படும், டிசைன் வேலையிலும் எங்களுக்கு அப்படித்தான். மேனிஃபோல்ட் கார்டனில் ஆறு திசையிலும் ஒருமுறை நின்று பாருங்கள். ஒரே அறை ஆறு அறையாகத் தெரியும். அதற்கும் மசியவில்லை என்றால் மூடிவிட்டுத் தூங்குங்கள். ஓசூர் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது விடை தானாக வந்து நின்றதெல்லாம் எனக்கு நடந்திருக்கிறது.

சில நடைமுறை விஷயங்கள். லேப்டாப் டச்பேடில் ஆட வேண்டாம். சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வகை கேம்களில் சிலருக்குத் தலை சுற்றும், குறிப்பாக ஈர்ப்பு மாறும்போது. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருங்கள். குமட்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், அடக்கிக்கொண்டு ஆடினால் இன்னும் மோசமாகும். மேனிஃபோல்ட் கார்டன் 2020-இல் ஸ்டீமுக்கும் வந்துவிட்டது. பண்டிகைத் தள்ளுபடிகளில் இப்படிப்பட்ட கேம்களின் விலை நன்றாகக் குறையும். விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு தாங்குமா என்று ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்தின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிசேம்பர் பழைய கேம் என்பதால் அவ்வளவு வலுவான கம்ப்யூட்டர் கேட்காது.

தொடங்கிய பிறகு எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் இங்கேயே எழுதுங்கள். எந்த நிறத்தில் நிற்கிறீர்கள், கையில் எத்தனை பெட்டி, எந்தக் கதவு திறக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். விடையைச் சொல்ல மாட்டேன், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.