அறிவொளியைத் தத்துவம் கைவிட்டதா?

கேள்வி: பகுத்தறிவை முதன்மைப்படுத்திய பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்தின் இலட்சியங்களை இருபதாம் நூற்றாண்டுத் தத்துவம் முற்றிலும் கைவிட்டுவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை என்றே கருதுகிறேன். பிறர் கைப்பிடித்து நடத்தாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தும் துணிவே அறிவொளி என்று ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1784இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தப் பகுத்தறிவு, இயற்கையையும் மனிதரையும் ஆளும் வெறும் கருவியாகச் சுருங்கிவிட்டதை, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த தத்துவஞானிகள் ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1947இல் வெளியான ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலில் மிகக் கடுமையாக விமர்சித்தார்கள். ஆயினும், அறிவொளிச் சிந்தனையின்றிச் சமூகத்தில் விடுதலை இல்லை என்பதை அந்நூலின் முன்னுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் அவர்களைப் பகுத்தறிவின் பகைவர்களாகச் சித்திரிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஜெர்மன் தத்துவஞானி ஹாபர்மாஸோ 1980இல், அறிவொளிச் சிந்தனையாளர்கள் வகுத்த நவீனத்துவத்தை இன்னும் முடிவுறாத பணி என்றே அழைத்தார்.

பிரெஞ்சுத் தத்துவஞானி ஃபூக்கோவின் நிலை இவற்றைவிட நுட்பமானது. காண்டின் அதே கட்டுரையை இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1984இல் வெளியான தம் கட்டுரையில் மறுவாசிப்புச் செய்த அவர், அறிவொளியை ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா என்று நெருக்கும் கேள்வியையே ஏற்க மறுத்து, அதன் கோட்பாடுகளை அப்படியே காப்பதைவிட, நம் காலத்தை நாமே இடைவிடாமல் விமர்சிக்கும் மனப்பாங்கையே அதிலிருந்து பெற வேண்டும் என்று வாதிட்டார்.