அப்பாவுக்கு 35 நாள் இ.இ.சி.பி. கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. பைபாஸ் செய்து 12 வருடம் ஆகிறது. போன மாதம் ஆஞ்சியோ பார்த்துவிட்டு, இனி ஸ்டென்ட் வைக்க இடமில்லை, மாத்திரையிலேயே ஓட்டுங்கள் என்றார்கள். பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதம். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். ஒரு சென்டரில் "ஆபரேஷன் இல்லாத பைபாஸ், 35 நாளில் அடைப்பு கரைந்துவிடும்" என்கிறார்கள். நம்பலாமா?

அவர்கள் சொல்வது இ.இ.சி.பி., அதாவது காலில் கட்டிய பட்டைகளில் காற்றை அடைத்து இதயத்தின் பக்கம் ரத்தத்தைத் தள்ளும் சிகிச்சை. அதில் அடைப்பு கரையாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆஞ்சியோ எடுத்தால் அதே அடைப்பு அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் அதற்காக இந்தச் சிகிச்சையையே ஏமாற்று என்று ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் உங்கள் அப்பா மாதிரி வேறு வழி அடைபட்டுப்போனவர்களுக்காகத்தான் இது இருக்கிறது.

மற்ற உறுப்புகளைப் போல் இல்லாமல், இதயத்தின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது சுருங்கும்போது போவதில்லை, தளரும்போதுதான் போகிறது. பிபி பார்க்கும் பட்டை மாதிரியே, ஆனால் பெரிதாக, கெண்டைக்கால், தொடை, மேல்தொடையோடு பிட்டம் என்று மூன்று இடத்தில் கட்டிவிடுவார்கள். ஈசிஜியைப் பார்த்தபடியே இயந்திரம், இதயம் தளரும் நொடியில் கீழிருந்து மேலாக அந்தப் பட்டைகளில் காற்றை அடைத்து ரத்தத்தை இதயத்தின் பக்கம் தள்ளும், அடுத்த துடிப்பு தொடங்கும் முன் சட்டென்று காற்றை விட்டுவிடும். அப்போது இதயம் இறைக்க வேண்டிய எதிர்ப்பும் குறையும். அழுத்தம் 300 மி.மீ. வரை போகும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஆள் கட்டிலில் லேசாகத் தூக்கிப்போடுவார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நாலைந்து நாள் போனதும் அதிலேயே குறட்டை விடுபவர்களும் உண்டு. தினம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம். உங்களிடம் சொன்ன 35 அதுதான்.

பலன் என்ன? 1999-ல் வெளியான மஸ்ட்-இ.இ.சி.பி. ஆய்வில் 139 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் 75 மி.மீ. அழுத்தத்தில் பொய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி வரும் தடவைகள் குறைந்தன, டிரெட்மில்லில் நடக்கும்போது ஈசிஜி மாறத் தொடங்கும் நேரம் (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம் அது) தள்ளிப்போனது. ஆனால் மொத்தம் நடந்த நேரத்தில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பம்பிங் குறைந்தவர்களிடம் செய்த பீச் ஆய்விலும் (2006, 187 பேர்) இதே கதைதான்: நடக்கும் நேரம் ஒரு நிமிடமாவது கூடியவர்கள் 35 சதவீதம், சிகிச்சை பெறாத குழுவில் 25 சதவீதம், உடல் உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவில் மாற்றமே இல்லை. ஆயுளைக் கூட்டும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. பெரிய மருத்துவ வழிகாட்டு நெறிகள் இதை "யோசித்துப் பார்க்கலாம்" என்ற அளவில்தான் வைத்திருக்கின்றன. ஆக, வலி குறைந்து மனிதர் கொஞ்சம் நிம்மதியாக நடமாடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் அப்பாவின் இதய மருத்துவரிடம் போய் மாத்திரைகளை ஒருமுறை சரிபாருங்கள். நெஞ்சுவலிக்கான பீட்டா பிளாக்கர், நைட்ரேட், ரனோலசைன் எல்லாம் போதுமான அளவில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? இதைச் சரிசெய்தாலே வலி அடங்குகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் எக்கோவில் (இதய ஸ்கேன்) அயோர்ட்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வழியில் இருக்கும் வால்வு, எவ்வளவு கசிகிறது என்று கேளுங்கள், கணிசமாகக் கசிந்தால் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருந்தாலும், காலில் ரத்தக்கட்டி இருந்தாலும், கால் ரத்தக்குழாய் மோசமாக அடைத்திருந்தாலும், பிபி 180/110-ஐத் தாண்டினாலும், துடிப்பு தாறுமாறாக ஓடினாலும் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். தொடை வழியாக ஆஞ்சியோ செய்திருந்தால் ஊசி போட்ட இடம் ஆறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பிங் 35 என்பதால் இன்னொன்று. காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும்போது இதயத்துக்குத் திரும்பி வருவதும் கூடுகிறது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் நிலையில் இருப்பவரை அதில் படுக்கவைத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். முதலில் நீர் வடிய வேண்டும், எடை ஒரு நிலைக்கு வர வேண்டும். இதையெல்லாம் கேட்காமல், எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் நாளைக்கே வாருங்கள் என்று சொல்லும் சென்டர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, தொடங்குவதென்று முடிவானால்: சுருக்கம் விழாத இறுக்கமான பேன்ட், இல்லையென்றால் தோல் உரசிக் கொப்புளம் வரும், சர்க்கரை இருப்பவர் என்றால் அது ஆற நாளாகும். ஏறிப் படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், அந்த ஒரு மணி நேரத்தில் நிச்சயம் முட்டும். வழக்கமான மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. இந்த ஏழு வாரத்தில் எப்போதாவது உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வந்து, நாக்கின் அடியில் மாத்திரை வைத்தும் அடங்கவில்லை என்றால், அன்று சென்டருக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.