ஐரிஷ் வாய்மொழித் தேர்வு: வீட்டுத் தமிழ் கைகொடுக்குமா?

கேள்வி: மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். லீவிங் செர்ட் எனும் பள்ளி இறுதித் தேர்வின் ஐரிஷ் வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஐரிஷ் தெரியாது. நாங்கள் எப்படி உதவுவது?
– ஒரு வாசகி, டப்ளின்

பதில்: முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். ஐரிஷ் பாடத்துக்கு மொத்தம் 600. அதில் 240, அதாவது 40 சதவீதம், இந்தக் கால் மணி நேரத் தேர்வில்தான் இருக்கிறது. வரவேற்புக்கு 5, கவிதை வாசிப்புக்கு 35, படத்தொடர் விவரிப்புக்கு 80, உரையாடலுக்கு 120. பாதி மதிப்பெண் உரையாடலில் இருக்க, பல பிள்ளைகள் படத்தொடரை மனப்பாடம் செய்வதிலேயே மாதக்கணக்கைச் செலவிடுகிறார்கள். நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் தமிழைக் குறைவாக எண்ணாதீர்கள். ஐரிஷில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி, வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு மாற்றுவதால் வருபவை. தமிழில் யோசித்தால் பல இடங்களில் அந்தத் தவறே வராது.

‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ போன்ற வினைச்சொல் நமக்குக் கிடையாது, ஐரிஷிலும் கிடையாது. ‘தா டெர்ஃபூர் அகம்’ என்றால், சொல்லுக்குச் சொல், ‘இருக்கிறாள் தங்கை என்னிடம்’. பசியும் அப்படித்தான். ‘தா ஓக்ரஸ் ஓரம்’ என்றால் பசி என்மேல் இருக்கிறது. ஆங்கில வழியில் ‘தா மே’ என்று தொடங்கி ‘ஓக்ரஸ்’ சேர்ப்பவர்கள் ‘நான் பசி’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆம், இல்லை என்பதற்குப் பொதுவான தனிச்சொல்லும் ஐரிஷில் இல்லை. ‘தங்கை இருக்கிறாளா?’ என்றால் நாம் ‘இருக்கிறாள்’ என்போமே, அதுபோல ‘அன் வில்’ (இருக்கிறதா) என்று தொடங்கும் கேள்விக்கு ‘தா’ (இருக்கிறது) அல்லது ‘நீல்’ (இல்லை) என்று வினையாலேயே பதில் சொல்ல வேண்டும்.

ஆட்களை எண்ணும்போது நாம் மூவர், நால்வர், ஐவர் என்கிறோம். ஐரிஷிலும் ஆட்களுக்குத் தனி எண்ணுப்பெயர் உண்டு: ட்ரூர், கியாஹ்ரர், கூகர். வீட்டில் எத்தனை பேர் என்பது அடிக்கடி வரும் கேள்வி. சாதாரண எண்ணைச் சொன்னால் தேர்வாளர் காதில் அது உடனே இடறும்.

இன்னும் ஒன்று. ‘நான் மாணவி’ என்பதில் நமக்கு வினை தேவையில்லை. ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்பதில் தேவை. பெயரும் பெயரும் சேரும் அந்த முதல் வகைக்கு ஐரிஷில் ‘இஸ்’ வரும்: ‘இஸ் தால்தா மே’. ‘இருக்கிறேன்’ வரும் இடத்தில் பெரும்பாலும் ‘தா’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் வகுப்பில் பலரைக் குழப்பும் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல கொம்பு.

ஆகவே தினமும் பத்து நிமிடம் நீங்கள் தமிழில் கேளுங்கள், அவள் ஐரிஷில் சொல்லட்டும். ‘போன வாரக் கடைசியில் என்ன செய்தாய்? அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறாய்? நீ தலைமையாசிரியராக இருந்தால் என்ன மாற்றுவாய்?’ என்று காலத்தை மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேள்வியின் காலத்தைத் தவறவிடுவதுதான் உரையாடலில் பெரிய சறுக்கல். ‘செய்வாய்?’ என்பதற்கு ‘செய்வேன்’ என்று நாம் விகுதியை மாற்றுவதுபோல, ‘யேன்ஹா?’ என்று கேட்டால் ‘யேன்ஹின்’ என்று பதில் வர வேண்டும். மனப்பாடப் பத்தியை ஒப்பிக்க விடாதீர்கள். தேர்வாளர் நடுவில் குறுக்கிட்டு வேறு கேள்வி கேட்பார். மூன்று நான்கு வாக்கியம் சொல்லி, தனக்குத் தெரிந்த ஒன்றைக் கடைசியில் தொட்டுவிட்டு நிறுத்தினால், அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்தே வரும்.

கேள்வி: படத்தொடர் எல்லாம் மகனுக்கு மனப்பாடம். ஆனால் பள்ளி மாதிரித் தேர்வில் மூன்றாம் படத்தில் நின்றுவிட்டான். ஏன்?
– ஒரு வாசகர், கார்க்

பதில்: ஒரே சங்கிலியாகப் பாடம் செய்ததால். ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவது எல்லாம் போய்விடும். ஒவ்வொரு தொடரிலும் ஆறு படங்கள், நேரம் நான்கு நிமிடம். ஒரு படத்துக்கு 40 விநாடி, ஐந்து வாக்கியம் போல. யார், எங்கே, என்ன செய்கிறார்கள், பேச்சுக்குமிழியிலோ பலகையிலோ என்ன எழுதியிருக்கிறது, அடுத்த படத்துக்கு எப்படிப் போகிறோம் என்ற ஐந்தும் போதும். நான்காம் படத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பிறகு இரண்டாம் படம், பிறகு ஆறாம் படம். தடுமாறாமல் சொன்னால்தான் பாடம் வந்ததாக அர்த்தம்.

முதல் இரண்டு படங்களுக்கே இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டு கடைசி இரண்டை ஒற்றை வரியில் தள்ளுவது வழக்கமான விபத்து. கைபேசியில் நேரம் வைத்துப் பழகட்டும். இறந்தகாலத்தில் ‘வீ’ என்று தொடங்கிவிட்டு, நடுவில் ‘தா’ என்று நிகழ்காலத்துக்குத் தாவுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். மேசையில் கவிழ்த்து வைத்த தாள்களிலிருந்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், பிடித்த தொடரை மட்டும் படித்துப் போவது ஆபத்து.

கேள்வி: கவிதையைப் பார்த்துத்தானே வாசிக்கிறார்கள், அதற்குப் பயிற்சி எதற்கு?
– ஒரு வாசகி, லிமெரிக்

பதில்: எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்பதால். ஒரு மெய்யெழுத்துக்குப் பின் ‘எச்’ ஒட்டினால் ஒலியே மாறிவிடும்: பி எச், எம் எச் இரண்டும் ‘வ’ அல்லது ஆங்கில டபிள்யூவின் ஒலி, எஸ் எச் வெறும் ‘ஹ’, எஃப் எச் பெரும்பாலும் ஊமை. நமக்கு ‘அந்த’ என்பதன் பின் ‘பையன்’ வந்தால் ‘ப்’ மிகுகிறதல்லவா? ஐரிஷில் முன்சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதலெழுத்து மாறுகிறது. ‘எஸ்’ எழுத்தை ‘இ’, ‘எ’ உயிர்கள் ஒட்டினால் பெரும்பாலும் ‘ஷ’ (மேலே பார்த்த ‘இஸ்’ ஒரு விதிவிலக்கு).

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சாதகம் உண்டு. ‘தா’ என்பதில் வரும் தடித்த ஒலிக்கு ஆங்கில ‘ட’வை விட நம் ‘த’ நெருக்கம். கூச்சப்படாமல் அப்படியே சொல்லலாம். ‘பெயர்’ என்பதற்கான சொல்லை ‘அனிம்’ என்று நடுவில் உயிர் கொடுத்தே ஒலிக்க வேண்டும், ‘கர்மம்’ நம் வாயில் ‘கருமம்’ ஆவதுபோல.

விதிக்கப்பட்ட ஐந்து கவிதைகளையும் ஆசிரியர் வாசிக்கப் பதிவு செய்து, வரி வரியாகக் கேட்டு, ஊமை எழுத்துகளைப் பென்சிலால் அடித்துவிட்டு வாசிக்கட்டும். தனிச்சொல்லுக்குத் ‘தியாங்லன்’ இணைய அகராதியில் மூன்று வட்டார உச்சரிப்பும் ஒலிப்பதிவாக உண்டு. எந்த வட்டாரமும் ஏற்கப்படும்.

கேள்வி: வரவேற்புப் பகுதிக்கு ஐந்து மதிப்பெண்தானே, விட்டுவிடலாமா?
– ஒரு மாணவர், கால்வே

பதில்: வேண்டாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, வயது, தேர்வு எண் என்று ஐந்தே விவரம். முன்பே தெரிந்த பதில்கள். தவறு வருவது வயதில்தான். 17, 18 இரண்டிலும் ‘ஆண்டு’ என்ற சொல் ‘ம’ ஒலியில் தொடங்க வேண்டும்: ‘மிலியனா’. தேர்வு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மகன் 13 வயதில் இந்தியாவிலிருந்து வந்தான். ஐரிஷ் கட்டாயமா?
– ஒரு வாசகர், டப்ளின்

பதில்: 12 வயது வரை அயர்லாந்துக்கு வெளியே படித்து, ஐரிஷ் கற்கும் வாய்ப்பே இல்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். பழைய பள்ளிச் சான்றுகளை உடன் கொண்டுபோங்கள். ஆறு வயதில் வந்த பிள்ளைக்கு இந்தக் காரணம் செல்லாது. தொடக்கப்பள்ளி ஆசிரியராகும் ஆசை இருந்தால் விலக்கு வாங்குமுன் யோசியுங்கள்: அந்தப் படிப்புக்கு உயர்நிலை ஐரிஷில் குறைந்தது எச்4 என்ற தரம் தேவை.