பையை விடுங்கள், பாஸ்போர்ட்டை விடாதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களிடமிருந்து.

கே: மஸ்ஜித் இந்தியா வழியாகத் தினமும் நடந்து போகிறேன். பறிப்புக்குப் பயந்து பை வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்கிறேன். சரிதானே?

ப: தவறு. பறிப்பவர்கள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேராக, பெரும்பாலும் பின்னாலிருந்து வருவார்கள். ஓட்டுபவன் வேகத்தைக் குறைக்க மாட்டான். வார் கையில் சுற்றியிருந்தால் பையோடு நீங்களும் தாரில் இழுபடுவீர்கள். தலை அடிபட்டு உயிரே போனவர்கள் உண்டு. இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் சாலையின் வலது ஓரமாக நடங்கள். ஓரத்தை ஒட்டி வரும் வண்டி எதிரிலேயே தெரிந்துவிடும். பை சுவர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், குறுக்காக மாட்ட வேண்டாம். இழுத்தால் விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் அந்தப் பையில் இருக்கக்கூடாது. சட்டைக்குள் தொங்கும் சிறு உறையில் இருக்கட்டும்.

கே: சாதாரண உடையில் வந்த இருவர் போலீஸ் என்று சொல்லி பர்ஸைக் கேட்டார்கள். கொடுத்தேன். 400 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது.

ப: கேட்டதும் கொடுத்தால் போகாமல் என்ன செய்யும்? முதலில் அதிகார அட்டையைக் கேளுங்கள், இங்கே 'காட் குவாசா' என்பார்கள். பெயரையும் எண்ணையும் நின்று நிதானமாகப் படியுங்கள். அட்டை சிவப்பு என்றால் அவர் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், உங்களைச் சோதிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. சந்தேகமாக இருந்தால் "பாலாய்க்கே (போலீஸ் நிலையத்துக்கே) போய்ப் பேசலாம்" என்று சொல்லுங்கள். போலி ஆசாமி அந்த இடத்திலேயே கழன்றுகொள்வான். சந்துக்கோ அவர்கள் காருக்கோ போகாதீர்கள், 999-ஐ அழையுங்கள். இவ்வளவு விவரம் எழுதியவர், ரிப்போர்ட் கொடுத்தீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. கொடுத்திருக்க மாட்டீர்கள்.

கே: பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, என்னிடம் ஜெராக்ஸ்தான். சம்பள நாள் இரவு பணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். போலீசுக்குப் போனால் என்னையே பிடித்துவிடுவார்களோ?

ப: மாதம் தவறாமல் வரும் கேள்வி இது. எத்தனை முறைதான் எழுதுவது? சம்பள நாளில் வெளிநாட்டுத் தொழிலாளியைக் குறிவைப்பதற்குக் காரணமே இந்தப் பயம்தான். கையில் ரொக்கம் இருக்கும், பாஸ்போர்ட் இருக்காது, ஆகவே பாலாய்ப் பக்கமே வரமாட்டான் என்பது திருடனுக்குத் தெரியும். உங்கள் முதலாளி அவனுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்.

1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, உரிய அதிகாரமின்றி அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கி வைத்தேன்" என்பார். தொழிலாளர் தங்குமிட விதிகள் ஆளுக்கு ஒரு பூட்டுப்போட்ட அலமாரி, சுமார் 3 அடி உயரத்தில், தரச்சொல்கின்றன. அதைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசட்டும்.

செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. ஒரு வாரத்தில் தராவிட்டால் அந்தச் செய்தியின் படத்தோடு தொழிலாளர் இலாகாவிலும் இந்தியத் தூதரகத்திலும் புகார் கொடுங்கள். இரண்டு காரியம் மட்டும் கூடாது. ஒன்று, கோபத்தில் வேலையை விட்டு ஓடுவது. நீங்கள் ஓடிவிட்டதாக முதலாளி குடிநுழைவுத் துறைக்குச் சொன்னால் பர்மிட் ரத்தாகும், அப்புறம் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை. இரண்டு, பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று ரிப்போர்ட் எழுதுவது. அறைத் தோழர்கள் தாராளமாகத் தரும் யோசனை இது. பொய்ப் புகார் தனிக் குற்றம்.

பணம் பறிபோனதற்கு, பர்மிட் உயிரோடு இருந்தால் ஜெராக்ஸையும் கம்பெனி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே போங்கள். ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகலை வாங்குங்கள். பர்மிட் காலாவதி என்றால் முதலில் தூதரகம்.

கே: போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானிலிருந்து என்று சொல்லிப் போன். என் பெயரில் வழக்காம், 'பாதுகாப்புக் கணக்குக்கு' பணம் மாற்றச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன்.

ப: 'மக்காவ் ஸ்கேம்' என்று இங்கே சொல்லும் போன் மோசடி இது. போலீஸ் போனில் பணம் கேட்காது. இதைப் படித்து முடிக்காமல் மோசடிப் புகார் எண் 997-ஐயும் வங்கியையும் அழையுங்கள். பணம் நாலைந்து கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. பிறகு ரிப்போர்ட். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது அதற்கும் பிறகு.

கே: நண்பர் என் ஏடிஎம் அட்டையைக் கேட்கிறார், மாதம் 300 வெள்ளி தருவாராம்.

ப: மேலே உள்ளவர் பணம் தாவிப்போவது இப்படிப்பட்ட கணக்குகளுக்குத்தான். 'கெல்டாய்' கணக்கு, அதாவது கழுதைக் கணக்கு என்று பெயர். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரை, அதாவது உங்களை. அட்டையைத் தராதீர்கள்.

கே: பாஸ்போர்ட் நிஜமாகவே தொலைந்துவிட்டது.

ப: போலீஸ் ரிப்போர்ட், தூதரகம், குடிநுழைவுத் துறை. இந்த வரிசையில். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் பர்மிட்டை அதற்கு மாற்றாமல் விட்டுவிட்டுப் பிறகு விமான நிலையத்திலிருந்து எனக்கு எழுதாதீர்கள்.

கே: ஊரிலிருந்து திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் தம்பிக்கென்று ஒரு பொட்டலம் தருகிறார். வாங்கலாமா?

ப: அவர் முன்னாலேயே பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நீங்களே கட்டுவதானால் வாங்கலாம். இங்கே 200 கிராம் கஞ்சா பிடிபட்டாலே கடத்தல் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். பிரிக்க முகம் சுளித்தார் என்றால் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.