பர்மாவுக்கு 20 பவுண்டு: கொடுக்கலாமா?

கேள்வி (2025 ஏப்ரல்): லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் இங்கே ஒரு ஃபுட் பேங்கில் (இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுப் பொருள் கொடுக்கும் இடம்) பொதி கட்டிக் கொடுக்கிறேன். வரிசை வாராவாரம் நீண்டுகொண்டே போகிறது. பர்மா நிலநடுக்கத்துக்கு மாதம் 20 பவுண்டு கொடுக்கலாம் என்றிருந்தேன். "இங்கேயே பிள்ளைகள் அரை வயிற்றோடு பள்ளிக்கூடம் போகும்போது, அரசாங்கமும் நீயும் வெளிநாட்டுக்கு அள்ளிக் கொடுப்பது நியாயமா?" என்று கூட வேலை செய்பவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கோயிலில் ஒருவர் பழைய துணி, கம்பளி சேர்த்து கன்டெய்னரில் அனுப்பப்போகிறாராம். அதற்குக் கொடுக்கலாமா? ஆபீசில் 12 பேர் ஆளுக்கு 20 பவுண்டு என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படிக் கட்டுவது?

பதில்: துணிக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த ஆள் வேனோடு வாசலுக்கு வந்துவிடலாம். கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கூட வேலை செய்யும் உங்கள் நண்பர் கேட்டது மோசமான கேள்வி அல்ல. 2023–24ல் டிரசல் என்ற ஒரு ஃபுட் பேங்க் வலையமைப்பு மட்டுமே இந்த நாட்டில் 31 லட்சம் பொதி கொடுத்திருக்கிறது. உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு இது வெட்கக்கேடு. ஆனால் அவர் மனதில் ஒரே ஒரு உண்டியல்தான் இருக்கிறது. பர்மாவுக்கு எடுப்பதை நிறுத்தினால் அந்தக் காசு ஈஸ்ட் ஹாம் பிள்ளைக்குப் போய்விடும் என்று நினைக்கிறார். நான் 22 வருஷமாகத் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன். அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை.

சந்தேகமிருந்தால் 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் வெளிநாட்டு உதவிக்கு என்று 2015ல் சட்டமே போட்டிருந்தார்கள். கொரோனாவைக் காரணம் காட்டி அதை 0.5 ஆக வெட்டினார்கள். வருஷத்துக்கு 400 கோடி பவுண்டு வாக்கில் மிச்சம். சரி, அது உள்ளூர் ஏழைக்குப் போனதா? அதே வருஷம் அக்டோபரில், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குக் கொரோனா காலத்தில் கூட்டிக் கொடுத்த வாரம் 20 பவுண்டையும் நிறுத்தினார்கள். நீங்கள் கொடுக்க நினைக்கிற அதே 20 பவுண்டு! வெளியூர்க்காரனிடமும் பிடுங்கினார்கள், உள்ளூர்க்காரனிடமும் பிடுங்கினார்கள், ஒரே வருஷத்தில்.

2025 பிப்ரவரியில் அடுத்த வெட்டு. 2027க்குள் 0.5ஐ 0.3 ஆகக் குறைக்கப்போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை அவரே மறைக்காமல் சொன்னார்: பாதுகாப்புத் துறைக்கு. வெளிநாட்டு உதவி இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் அதற்காக ராஜினாமா செய்தார். பீரங்கி வாங்குவது அவசியமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் "நம் ஏழைகளுக்காகத்தான் நிறுத்துகிறோம்" என்று யாராவது சொன்னால், அரசாங்கமே அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பதும் பாதிக் கதைதான். 2023ல் பிரிட்டன் வெளிநாட்டு உதவி என்று கணக்குக் காட்டியது 1,530 கோடி பவுண்டு. பெரிய தொகைதான். ஆனால் அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் அது ஒன்றேகால் பவுண்டு வாக்கில்தான் வரும். அதிலும் 430 கோடி, அதாவது கால் பங்குக்கும் மேல், பிரிட்டனைவிட்டு வெளியே போகவே இல்லை. அகதிகளாக வந்தவர்களுக்கும் தஞ்சம் கேட்டவர்களுக்கும் இங்கே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்த செலவு அது, ஹோட்டல் பில் உட்பட. வந்து சேர்ந்த முதல் 12 மாதச் செலவை 'வெளிநாட்டு உதவி' என்று எழுதிக்கொள்ள பணக்கார நாடுகளின் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. அந்த மக்களுக்கு உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாக உதவட்டும். ஆனால் லண்டன் ஹோட்டல்காரருக்குக் கொடுத்த காசை வெளிநாட்டு உதவி என்று எழுதிவிட்டு, பிறகு "வெளிநாட்டுக்கு இவ்வளவு போகிறதே" என்று மக்கள் கோபப்படும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ன நேர்மை? என் சின்ன தொண்டு நிறுவனங்களில் ஒன்று இப்படிக் கணக்கெழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இதெல்லாம் போக மிஞ்சுவதில்தான் பள்ளிக்கூடம், தடுப்பூசி, கடைசியாகப் பேரிடர் நிவாரணம். நிலநடுக்கத்துக்கு என்று போவது அதில் ஒரு சிறு பகுதி.

அப்புறம், உள்ளூர் வறுமையும் வெளியூர்ப் பேரிடரும் ஒரே மருந்தில் தீரும் நோய்கள் அல்ல. ஈஸ்ட் ஹாம் வரிசை நீள்வது வாடகையால், குறைந்த சம்பளத்தால், உதவித்தொகை விதிகளால். அதைக் குறைக்க நாடாளுமன்றம் வேண்டும், வருஷக்கணக்காகும். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாய்ங் பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியது. 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே நல்ல தண்ணீரும் தார்ப்பாயும் கொசுவலையும் மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில்தான் அவகாசம். 2021ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் தன் சொந்த ஊர்கள்மீதே குண்டு போடுகிற நாடு அது. 'அவர்கள் அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்' என்பது அங்கே பதிலாகாது.

"நமக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்?" என்று நண்பர் அடுத்துக் கேட்பார். 2005ல் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் முழுகியபோது, சுனாமி அடித்து எட்டு மாதமே ஆகியிருந்த இலங்கை 25,000 டாலர் கொடுத்தது. வங்கதேசம் 10 லட்சம் டாலர். அமெரிக்காவுக்கு அது டீ செலவுக்குக் காணாது. ஆனாலும் கொடுத்தார்கள். தன் வீட்டு ஏழ்மை தீர்ந்த பிறகுதான் கொடுப்பது என்று அவர்கள் காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

நண்பர் சொல்வது சரியாகும் இடம் ஒன்று உண்டு. அது உங்கள் சட்டைப் பை. அங்கேதான் இருப்பது ஒரே உண்டியல். உங்களிடம் மாதம் 20 பவுண்டுதான் உபரி என்றால், இதற்குக் கொடுப்பது அதற்கு இல்லாமல் போகும்தான். என் யோசனையைச் சொல்கிறேன்: ஃபுட் பேங்குக்கு நீங்கள் ஏற்கெனவே சனிக்கிழமையைக் கொடுக்கிறீர்கள். பர்மாவுக்கு மூன்று மாதம் பணம் கொடுங்கள், பிறகு அதே டைரக்ட் டெபிட்டை உள்ளூருக்குத் திருப்பிவிடுங்கள். பேரிடர் நிதிக்கு முதல் வாரங்களின் பணம்தான் பெரிய உதவி.

இப்போது துணி. 2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் போயிருந்தேன், என் அம்மா ஊர். அக்கரைப்பேட்டை போகிற வழியில் சாலையின் இரண்டு பக்கமும் துணி மலை. ஸ்வெட்டர், ஜிப் போன பேன்ட், யாரோ ஆபீசுக்குப் போட்டுக் கழித்த கோட், ஒற்றைக் கால் ஷூ. பனியிலும் மழையிலும் நனைந்து நாற்றம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மீனவ அம்மா அந்தக் கோட்டை ஒரு விரலால் தூக்கிப் பிடித்து, "இதப் போட்டுக்கிட்டு மீன் விக்கப் போவவா?" என்று என்னைக் கேட்டார். அவர் முந்தின மாதம் வரை சொந்தச் சம்பாத்தியத்தில் புதுப் புடவை கட்டியவர். கடைசியில் அந்தக் குவியலை அள்ளிப்போட லாரியும் ஆளும் வேண்டியிருந்தது. அந்த லாரி அன்றைக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம்.

மருந்திலும் இதே கூத்துதான். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. பெரும்பகுதி யாரும் கேட்காதது. உள்ளூர் மருத்துவர்களால் படிக்க முடியாத மொழியில் லேபிள். அதில் நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியிருந்தது. அழிப்பதற்கும் செலவு.

உங்கள் கோயில்காரர் மாண்டலேக்குக் கம்பளி அனுப்புகிறார். ஏப்ரலில் அங்கே வெயில் 40 டிகிரி. கன்டெய்னர் இங்கிருந்து கடல் வழியாக யாங்கோன் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம் துறைமுகம், சுங்கம், அனுமதி. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியும். பழைய துணிக்கு டன் கணக்கில் விலை உண்டு. நிவாரணம் என்று சேர்த்து மொத்த வியாபாரியிடம் எடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வகை, துணியை வாங்கிக்கொண்ட பிறகு "ஷிப்பிங் செலவுக்கு ஆளுக்கு 30 பவுண்டு" என்பார்கள். அப்புறம் "போர்ட்டில் மாட்டிக்கொண்டது, கிளியரிங்குக்கு இன்னும் கொஞ்சம்" என்பார்கள். மூன்றாவது, "எனக்கு அங்கே ஆள் இருக்கிறது, ஹுண்டியில் நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்பவர். ஹுண்டி என்றால் வங்கி வழியாகப் போகாமல் ஆள் மூலம் கைமாற்றும் பணம். ரசீது கிடையாது. வங்கி கேள்வி கேட்டால் மாட்டுவது நீங்கள். நான்காவது, வாட்ஸ்அப்பில் அழுகிற குழந்தை படத்தோடு தனி ஆளின் கணக்கு எண். அதற்கு விளக்கம் தேவையில்லை.

"நாங்கள் யாருமே சம்பளம் வாங்குவதில்லை" என்று சொல்வதைக் கேட்டு மயங்காதீர்கள். சம்பளக்காரர் இல்லாத இடத்தில் சில சமயம் கணக்கும் இருக்காது. கணக்கு எழுத எனக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்!

யாரிடம் கொடுப்பது? டி.இ.சி. என்ற பேரிடர் அவசரக் குழு 1963லிருந்து இருக்கிறது. 15 பெரிய தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே முறையீடு வைக்கும். பெரிய பேரிடர்களில் மக்கள் கொடுப்பதற்கு ஈடாக அரசும் ஒரு வரம்பு வரை போடுவதுண்டு. 2023 துருக்கி–சிரியா நிலநடுக்கத்தில் 50 லட்சம் பவுண்டு வரை போட்டது. சின்ன நிறுவனத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். கணக்கு தாக்கல் செய்யாதவர்களை அங்கே சிவப்பில் காட்டும். சிவப்பைப் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் ஆபீஸ் வசூல். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல மனிதர்கள் வழக்கமாக மாட்டுவது இங்கேதான். நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் என்ற பெட்டியில் டிக் போட்டால் உங்கள் 20 பவுண்டு அந்த நிறுவனத்துக்கு 25 ஆகிறது. கூடுகிற 5 பவுண்டு நீங்கள் ஏற்கெனவே கட்டிய வருமான வரியிலிருந்து வருகிறது. அரசாங்கம் சும்மா போடும் போனஸ் அல்ல. 12 பேரிடம் 240 பவுண்டு ரொக்கமாக வாங்கி, உங்கள் கார்டில் ஒரே தட்டாகக் கட்டி, உங்கள் பெயரில் டிக் போட்டால், மற்றவர்கள் பணத்தை உங்கள் பணம் என்று பொய் உறுதி கொடுத்ததாக ஆகும். 60 பவுண்டு கூடுதலாகப் போகட்டுமே என்ற நல்லெண்ணத்தில்தான் எல்லோரும் செய்கிறார்கள். செய்யக் கூடாது. ஒவ்வொருவரும் தங்கள் கார்டில் தனியாகக் கட்ட வேண்டும். முடியாதென்றால் நிறுவனத்தின் ஸ்பான்சர் படிவத்தில் ஒவ்வொருவரும் முழுப் பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோடு எழுதி, அவரவர் கட்டத்தில் அவரவர் டிக் போட வேண்டும். ஆபீஸ் முகவரி செல்லாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் பகுதி நேரம் வேலை செய்பவர் யாராவது இருப்பார். வருஷ வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருந்தால் அவர் வருமான வரியே கட்டியிருக்கமாட்டார். அவர் டிக் போடக் கூடாது, 20 பவுண்டை அப்படியே கொடுக்கட்டும். வீட்டில் இருக்கும் மனைவிக்கும், படிக்கிற மகளுக்கும், உங்களோடு தங்கியிருக்கும் மாமியாருக்கும் இதே கதைதான். மாமியாருக்கு வரி பிடிக்கிற பென்ஷன் இருந்தால் மட்டும் போடலாம். கூட்டுக் கணக்கிலிருந்து போனால் வரி கட்டுகிறவர் பெயரைக் கொடுங்கள். ஒருவர் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு வரி வருஷத்தில் டிக் போட்டதற்கு ஈடான வரியை அந்த வருஷம் கட்டியிருக்க வேண்டும். குறைந்தால் வரித்துறை வித்தியாசத்தை டிக் போட்டவரிடம்தான் வசூலிக்கும், தொண்டு நிறுவனத்திடம் அல்ல. மாதம் 20 என்றால் உங்களுக்கு வருஷம் 60 பவுண்டு வரி போதும், கவலை இல்லை. ஆபீசில் 40 சதவீத வரி கட்டும் மேலாளர் இருந்தால், தன் பங்குக்கு வரித்துறையிடம் தனியாகக் கொஞ்சம் திரும்பக் கேட்கலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷமாகியும் பலருக்கு இது தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை.

கோயில்காரர் வேனோடு வந்தால் சண்டை போட வேண்டாம். கன்டெய்னரை அங்கே யார் பெயரில் இறக்குகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கப்பல் கம்பெனி சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கொடுத்த ரசீது, பில் ஆஃப் லேடிங், இருந்தால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இந்த மாதிரி வசூலில் நான் இதுவரை ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.